தலைச்சுமை

இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் கீரைக்கூடையுடன் வந்த பாட்டி ஒருவர், அதைத் தலையிலிருந்து இறக்க ஆள் தேடி நின்றபோது, கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அருகில் வந்து கூடையைப் பிடித்தார்.

நான் கவனித்தது அவருடைய முழங்கால்களைத்தான்.

பாட்டி எந்த வேகத்தில் குனிந்தாரோ அதே வேகத்தில் அவரும் மடங்கிக் குனிந்ததால், கூடை ஒரு பக்கமும் சாயாமல் தரைக்கு வந்தது.

"நல்லா இரு சாமி" என்றார் பாட்டி.

தலைச்சுமையை ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் வேண்டும் என்பது சுமந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நம் ஊர்ப் பாதையோரங்களில், நின்ற நிலையிலேயே சுமையை நகர்த்தி வைக்கும் உயரத்தில் இரு கற்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக்கல்லை ஏற்றிச் சுமைதாங்கி அமைத்தார்கள்.

கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் அதை வைப்பது வழக்கமாக இருந்தது. அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர்களின் சுமையாவது இறங்கட்டும் என்று எண்ணினார்கள். தம் துயரத்தின் நடுவே, முன்பின் அறியாதவர்களின் கழுத்துவலியை நினைத்துப் பார்த்த அந்த மனத்தை, கோயில் கட்டிய மனத்தைவிடப் பெரிதாகவே நான் மதிக்கிறேன். (மிஞ்சிய கற்களில் இப்போது சுவரொட்டி ஒட்டுகிறார்கள் என்பது வேறு கதை.)

சாலைகள் அகலமானபோது அக்கற்களில் பல போய்விட்டன. ஆனால் சந்தைக்குக் கீரையையும் பூவையும் தலையில் சுமந்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாய்விட்டு உதவி கேட்கக் கூச்சப்படுகிறவர்களே அவர்களில் அதிகம்.