குமிழி வந்தால் மட்டும் போதாது: குறைமாதக் குழந்தையும் பபிள் சிபாப்பும்

"சிஸ்டர், அந்த பாட்டில்ல தண்ணி ஏன் கொதிச்சுக்கிட்டே இருக்கு?"

பச்சிளங்குழந்தை ஐசியூவுக்குள் முதல் தடவை வரும் அம்மாக்கள் அடிக்கடி கேட்பது இது. தண்ணீர் கொதிக்கவில்லை. குழந்தையின் மூக்கைத் தொட்டுப் போகும் காற்று, பாட்டிலுக்குள் முங்கியிருக்கும் குழாயின் நுனி வழியாகக் குமிழி குமிழியாக வெளியேறுகிறது. குழாய் 5 செ.மீ. ஆழத்துக்கு முங்கியிருந்தால், காற்று வெளியேற அந்த 5 செ.மீ. தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். அதே அழுத்தம் மூக்கு வழியாக நுரையீரலுக்குள்ளும் நிற்கிறது. குழந்தை தானாகவே மூச்சு விடும். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரல் முழுதாகச் சுருங்கிவிடாமல் அந்த அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். சிபாப் என்பது இவ்வளவுதான்.

அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவான எஸ்.என்.சி.யூ.வில் புதிதாக டியூட்டிக்கு வந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களையும், ரவுண்ட்ஸில் காதில் விழும் வார்த்தைகள் புரியாமல் தவிக்கும் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இரு தரப்பும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது குழந்தையின் நெஞ்சை.

முதலில், ஏன் அழுத்தம் தேவைப்படுகிறது? பலூன் ஊதியவர்களுக்குத் தெரியும், முதல் ஊதுதான் கஷ்டம். பாதி உப்பிய பலூனை ஊதுவது எளிது. நுரையீரலின் காற்றுப்பைகளும் அப்படித்தான். அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு வழுவழுப்பான பூச்சு உண்டு. அதற்குப் பெயர் சர்ஃபாக்டன்ட். கர்ப்பத்தின் 24 வாரத்தை ஒட்டி அது உருவாகத் தொடங்கும், போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதுதான். இதைத்தான் டாக்டர்கள் ஆர்.டி.எஸ். என்கிறார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் தேய்த்த கண்ணாடி போல மங்கித் தெரியும். முற்றினால் முழுக்க வெள்ளையாகிவிடும்.

இந்தப் பூச்சு இல்லாததே காரணம் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-ல் காட்டினார்கள். ஆனாலும் 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், இதே நோயால் பிறந்த 39 மணி நேரத்தில் இறந்தான். அன்றைக்கு அந்த நாட்டின் அதிபருக்கே கிடைக்காத வைத்தியம், ஜார்ஜ் கிரகரியின் குழு 1971-ல் சிபாப்பைப் பற்றி எழுதிய பிறகு உலகத்துக்குத் தெரியவந்தது. இன்று அது நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் பக்கத்தில் நிற்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தாமல் ஒரு குழந்தையை இழப்பது எனக்கு ஏற்க முடியாத விஷயம்.

மூச்சுத் திணறலைக் கண்ணால் பார்த்தே அளக்கலாம். பச்சிளங்குழந்தை நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் வேகம் அதிகம். நெஞ்சு உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகல் கேட்கிறதா என்று பாருங்கள். இந்த முனகலை "குழந்தை அழுகுது" என்று விட்டுவிடக் கூடாது. மூச்சை வெளியே விடும்போது குரல்வளையைப் பாதி மூடி, காற்றை உள்ளேயே பிடித்துவைக்கக் குழந்தை பாடுபடும் ஓசை அது. தனக்குத் தானே சிபாப் கொடுத்துக்கொள்கிறது என்று சொன்னாலும் தகும். பத்து நிமிடம் செய்யும்; மணிக்கணக்கில் செய்ய அதற்குத் தெம்பு கிடையாது. முனகல் குறைந்துவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம்: தேறிவிட்டது, அல்லது களைத்துவிட்டது. மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். சில்வர்மேன் ஸ்கோர் அதற்குத்தான். ஐந்து அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. பிறந்தவுடன் போடும் அப்கார் ஸ்கோரில் 10 வந்தால் மகிழ்ச்சி. இதில் 0 வந்தால்தான் மகிழ்ச்சி. ஷிஃப்ட் மாறும்போது இந்தக் குழப்பம் வராமல் ஸ்கோரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி காற்று போகும் பாதை. சுவரிலிருந்து வரும் ஆக்சிஜனும் காற்றும் பிளெண்டரில் கலக்கின்றன. அந்தக் கலவையில் ஆக்சிஜனின் பங்குதான் எஃப்ஐஓடூ. சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம். பிளெண்டர் இல்லாத இடத்தில் இரண்டு ஃப்ளோமீட்டர் வைத்துக் கணக்குப் போடலாம். காற்று 5 லிட்டர், ஆக்சிஜன் 1 லிட்டர் விட்டால் கிட்டத்தட்ட 34 சதவீதம். காற்று 4, ஆக்சிஜன் 2 என்றால் 47. காற்று 7, ஆக்சிஜன் 1 என்றால் 31. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கூட்டுவது கைக்குச் சின்ன வேலை; அதிக ஆக்சிஜனால் கெடக்கூடிய விழித்திரைக்கு அது சின்ன மாற்றம் அல்ல. இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி ஃப்ளோமீட்டர் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது நல்லது.

மொத்த ஃப்ளோ நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர். குமிழி இடைவிடாமல் மெதுவாக வர எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். குமிழி பலமாக வந்தால் நல்லது என்று ஃப்ளோவைக் கூட்டுபவர்கள் உண்டு. அது தவறு. ஃப்ளோ கூடினால் மூக்கில் நிற்கும் அழுத்தம் பாட்டிலில் காட்டும் அளவைத் தாண்டிவிடும்.

அடுத்தது ஹியூமிடிஃபையர். காற்று 37 டிகிரியில், முழு ஈரத்தோடு மூக்கை அடைய வேண்டும். அதில் ஸ்டெரைல் தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. தண்ணீர் வற்றினால் குழந்தையின் சளி பசையாகி, பிறகு பொருக்காகி மூக்கை அடைத்துவிடும். ஏசி காற்று நேராகக் குழாய் மேல் அடித்தால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். உள்ளே வரும் குழாயில் கோத்த தண்ணீர் மூக்குக்குள் இறங்கலாம். வெளியேறும் குழாயில் கோத்தால் அழுத்தம் கூடும். குழந்தையின் பக்கத்திலிருந்து குழாய் கீழ்நோக்கிச் சரிந்தே இருக்கட்டும். கோத்த தண்ணீரை வெளியே வடித்துவிடுங்கள், ஒருபோதும் குழந்தையை நோக்கி ஓடவிட வேண்டாம். இப்படி வழிந்து வரும் தண்ணீரால் பாட்டிலின் மட்டமும் மெல்ல ஏறும். காலையில் 5-ல் வைத்தது இரவில் 6 ஆகியிருக்கும். யாரும் கூட்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் குனிந்து, கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள்.

மூக்குதான் எல்லாச் சிக்கலும் நடக்கும் இடம். ப்ராங், அதாவது மூக்குத் துளைகளில் வைக்கும் சின்ன இரட்டைக் குழாய், துளையை நிறைக்க வேண்டும், ஆனால் அழுத்தி வெளுக்க வைக்கக் கூடாது. சின்ன சைஸ் போட்டால் மென்மையாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு: காற்று கசியும், கசிவை அடைக்க உள்ளே தள்ளுவோம், இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள நடுத்தண்டு புண்ணாகும். ப்ராங்கின் அடிப்பகுதிக்கும் மூக்கின் நடுத்தண்டுக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் தெரிய வேண்டும். 1 கிலோ குழந்தையின் நடுத்தண்டு எவ்வளவு மெல்லியது என்று ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவும். அது முதலில் சிவக்கும், பிறகு வெளுக்கும், பிறகு கறுக்கும். கறுத்துவிட்டால் திரும்ப வளராது, அந்த முகத்தோடுதான் அந்தக் குழந்தை வாழ வேண்டும். அதனால் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ப்ராங்கை எடுத்து, தோலைப் பார்த்து, மூக்கு மாஸ்க்கும் ப்ராங்கும் மாற்றி மாற்றிப் போடுவது அவசியம். ப்ராங்கைப் பிடித்துவைக்கும் தொப்பி தளர்ந்திருந்தால் இவ்வளவும் வீண். அது புருவத்துக்கு மேல் வரை வந்து காதை மூடிப் பிடித்திருக்க வேண்டும்.

தலைப்பில் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. குமிழி நின்றுவிட்டால் எங்கோ கசிவு. ப்ராங் விலகியிருக்கலாம், குழாய் கழன்றிருக்கலாம், வாய் திறந்திருக்கலாம். இது கண்ணில் படும், ஓடிவந்து சரிசெய்துவிடுவோம். ஆபத்தானது வேறொன்று. மூக்குத் துளை சளியால் முழுக்க அடைத்துக்கொண்டாலும் குமிழி அழகாக வந்துகொண்டே இருக்கும். காற்று குழந்தைக்குள் போகாமல் ப்ராங்கைக் கடந்து நேராக பாட்டிலுக்குப் போகிறது, அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். எனவே ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்க நெஞ்சிலும் வையுங்கள். குமிழியின் சலசலப்பு நெஞ்சுக்குள் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு சொட்டு சலைன் விட்டு, 80 முதல் 100 மி.மீ. பாதரச அழுத்தத்தில் மூக்கையும் வாயையும் மென்மையாகச் சக்ஷன் செய்து சளியை உறிஞ்சி எடுங்கள். தோளுக்கடியில் சின்னத் துணிச் சுருள் வைத்துக் கழுத்தை நேராக்குங்கள். கழுத்து மடங்கிக் கிடந்தாலும் மூச்சுப் பாதை மூடிவிடும்.

வயிறு உப்புவது சகஜம், காற்றின் ஒரு பங்கு வயிற்றுக்கும் போகிறது. வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் ஓ.ஜி. டியூப் போட்டு முனையைத் திறந்து வைத்தால் வெளியேறிவிடும். பால் கொடுத்தபின் அரை மணி நேரம் மூடி, பிறகு திறந்துவிடுங்கள். சிபாப்பில் இருக்கிறது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் வயிறு இறுகி, தொட்டால் குழந்தை துடித்து, ஓ.ஜி. டியூப் வழியாகப் பச்சை நிறத் திரவம் வந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அது வெறும் காற்றில்லை. குடல் அழற்சியான என்.இ.சி.யைச் சந்தேகித்து உடனே டாக்டரை அழைக்க வேண்டும்.

தொடக்க அழுத்தம் பொதுவாக 5 அல்லது 6 செ.மீ., தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக 8 வரை. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனின் சதவீதம், 90-க்கும் 95-க்கும் நடுவில் நிற்க எவ்வளவு ஆக்சிஜன் தேவையோ அவ்வளவு. பெற்றோர்கள் 99 பார்த்தால் சந்தோஷப்படுகிறார்கள். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 99 என்பது எச்சரிக்கை. 1940-களிலும் 50-களிலும் அளவில்லாமல் ஆக்சிஜன் கொடுத்து ஏராளமான குழந்தைகள் பார்வை இழந்தன. 1951-ல் மெல்போர்னின் கேட் கேம்ப்பெல்தான் ஆக்சிஜன் மீது விரலை நீட்டினார். இன்று அந்த நோய்க்கு ஆர்.ஓ.பி. என்று பெயர். மானிட்டரில் மேல் அலாரத்தை 95-ல் வையுங்கள், சத்தம் தொந்தரவு என்று அணைக்க வேண்டாம். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பு பிறந்திருந்தால் 2, 3 வாரத்திலேயே. அம்மாக்களே, டாக்டர் மறந்தாலும் நீங்கள் தேதி கேளுங்கள்.

6 செ.மீ. அழுத்தத்திலும் எஃப்ஐஓடூ 30 சதவீதத்தைத் தாண்டினால் சர்ஃபாக்டன்ட் தேவையா என்று யோசிக்கும் நேரம் வந்துவிட்டது. பன்றி அல்லது மாட்டு நுரையீரலிலிருந்து எடுக்கப்படும் மருந்து இது. போராக்டன்ட் என்றால் கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லி. மூச்சுக்குழாயில் டியூப் வைத்து மருந்தை விட்டு உடனே எடுத்துவிடுவது இன்ஷ்யூர். சிபாப்பில் இருக்கும்போதே மெல்லிய கதீட்டர் வழியாக விடுவது லிசா. மருந்து போன சில நிமிடங்களில் நுரையீரல் இளகும், சாச்சுரேஷன் விறுவிறுவென ஏறும். அப்போது ஒரு கை பிளெண்டர் மேலேயே இருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

"ஏப்னியா வந்துச்சு" என்றால் 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றது, அல்லது கொஞ்ச நேரமே நின்றாலும் இதயத் துடிப்போ சாச்சுரேஷனோ சேர்ந்து விழுந்தது என்று பொருள். உள்ளங்காலைத் தட்டி, முதுகைத் தடவி எழுப்புங்கள். அசையவில்லை என்றால் கழுத்தின் நிலை, சளி, பிறகு தாமதிக்காமல், பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பேக் அண்ட் மாஸ்க். மருந்து கஃபீன் சிட்ரேட்: முதல் டோஸ் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு தினமும் 5 முதல் 10. காபியில் இருக்கும் அதே பொருள்தான் என்று சொன்னால் பெற்றோர் முகத்தில் கொஞ்சம் பயம் குறையும். ஆனால் அடிக்கடி ஏப்னியா வரத் தொடங்கினால் கஃபீனைக் கூட்டுவதோடு நின்றுவிடாமல் கிருமித்தொற்று, சர்க்கரை, உடல் வெப்பம் மூன்றையும் பாருங்கள்.

சிபாப்பில் தாங்காத குழந்தைக்கு வென்டிலேட்டர். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: நன்றாக இருந்த குழந்தை திடீரென நீலம் பாரித்து, ஒரு பக்க நெஞ்சில் மூச்சொலி கேட்காமல் போனால், சிபாப்பில் இருந்தாலும் சரி, நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கோத்திருக்கலாம். அதுதான் நியூமோதோராக்ஸ். விளக்கை அணைத்து நெஞ்சில் சூடேறாத ஒளிவிளக்கை வைத்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சிவந்து ஒளிரும். எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரம் இருக்காது.

தேறும் குழந்தைக்கு முதலில் ஆக்சிஜனைக் குறைத்து 21-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், பிறகு அழுத்தத்தை 5-க்கு. ஒரு நாள் முழுக்க ஏப்னியா இல்லாமல், நெஞ்சு உள்வாங்காமல் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு அவசரம் வேண்டாம். எடுத்த பிறகு முதல் ஒரு மணி நேரம் போர்வையை விலக்கி நெஞ்சு தெரியும்படி படுக்க வையுங்கள், வார்மர் சூடு போதும். கழற்றிய சர்க்யூட்டை, அதாவது சிபாப் குழாய்களை, உடனே ஸ்டோருக்கு அனுப்பாமல், அந்தக் குழந்தைக்கான ப்ராங்கோடும் தொப்பியோடும் படுக்கைப் பக்கத்திலேயே ஒரு நாள் வைத்திருங்கள்.