கச்சானில் தொடங்கும் ஜோர்ஜியா

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு அட்லஸை விரித்து வைத்து ஊர் உலகம் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். இந்த மாதம் அமெரிக்காவின் தென்கிழக்கில் இருக்கும் ஜோர்ஜியா. தலைநகர் அட்லாண்டா, ஆங்கிலேயர் 1733இல் குடியேறிய சவானா கிழக்குக் கரையில், பரப்பில் இலங்கையின் இரண்டு மடங்குக்கும் மேல். இதையெல்லாம் பலகையில் எழுதிப்போட ஐந்து நிமிடம் போதும், ஆனால் பிள்ளைகளின் மனதில் நிற்காது. அதனால் கச்சானில் தொடங்கினேன்.

திருகோணமலை டச் பே கடற்கரையில் வாங்கிக் கொறிக்கிற அதே கச்சான்தான். அமெரிக்காவில் விளைகிற கச்சானில் ஏறக்குறையப் பாதி ஜோர்ஜியாவில் விளைகிறது. குச்சவெளியிலிருந்து வேரோடு ஒரு செடி எடுப்பித்து மேசையில் வைத்தேன். பூப்பது மேலே. பூ வாடிய பிறகு அந்த இடத்திலிருந்து ஊசிபோல ஒரு காம்பு கீழே இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, நுனி பருத்துக் காயாகிறது. வேரில் காய்க்கிறது என்றே நினைத்திருந்த பிள்ளைகள் அந்தக் காம்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த மாநிலத்துப் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில், அவித்த கச்சானைத் தெருவில் விற்றுத் திரிந்த ஒரு சிறுவன் வளர்ந்து 1977இல் ஜனாதிபதியானார். ஜிம்மி காட்டர். "அம்மம்மாவும் கோதோட உப்புப் போட்டு அவிப்பா டீச்சர்" என்றாள் ஒருத்தி. அங்கேயும் அப்படித்தான் அவிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் அறிமுகங்கள் பல பழம், பூ, பறவையோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜோர்ஜியாவின் வடபகுதி, அமெரிக்கப் பூர்வீகக் குடிகளில் ஒன்றான செரோக்கி மக்களின் நிலம். அவர்களில் செக்கோயா என்பவர் தம் மொழிக்கு 1821இல் எழுத்து அமைத்து முடித்தார். க, கா, கி என்று நாங்கள் எழுதுவதுபோல ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து. 1828இல் அவர்களின் அன்றைய தலைநகரான நியூ எக்கோட்டாவில் அந்த எழுத்தில் பத்திரிகையே அச்சானது. அடுத்த ஆண்டுகளில் அங்கே தங்கம் தேடிக் கூட்டம் குவிந்தது. 1838இல் படையினர் வந்து, வீடுகளில் இருந்த செரோக்கி மக்களை இருந்தபடியே வெளியேற்றி, மேற்கே இன்றைய ஒக்லஹோமா மாநிலத்துக்கு அனுப்பினார்கள். குளிரிலும் நோயிலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

இடம்பெயர்வு என்றால் என்னவென்று திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போரில் ஊரைவிட்டு ஓடிய தொண்ணூறாம் ஆண்டுக் கதைகளை வீட்டில் கேட்டு வளர்கிறவர்கள். "பிறகு திரும்பி வந்தவையோ டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

பெரும்பாலானோர் வரவில்லை. ஒக்லஹோமாவில் தாலக்குவா என்ற ஊரைத் தலைநகராக்கிக்கொண்டார்கள். அந்த எழுத்தை இன்றும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். அதைச் சொன்னதும் எழுத்துகளைக் காட்டச் சொல்லிக் கேட்டு, கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

1929இல் அட்லாண்டாவில் பிறந்து, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை அடுத்த கிழமைக்கு வைத்திருக்கிறேன். அவரை அவசரமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை.