தண்ணீர் திறக்கும் வரை

மே 3
கும்பப்பூ நெல் அறுத்த வயலில் தாள் முற்றிலும் காய்ந்து, பந்து உருளும் அளவுக்குத் தரை இறுகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுக்க, நான்கு அங்குலக் குழாய்த் துண்டுகளைப் புதைத்துக் குழிகள் அமைத்தேன். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்; இவை ஏறக்குறைய அந்த அளவுதான்.

மே 6
சிறுவர்களுக்கு இன்றும் பந்தைத் தரையில் உருட்டும் மட்டையான புட்டர் மட்டுமே. குழியிலிருந்து ஒரு முழத் தொலைவில் தொடங்கி, பந்து விழ விழப் பின்னால் நகர்கிறார்கள். "எப்ப சார் தூக்கி அடிக்க விடுவீங்க?" என்று ஒரு தந்தை கேட்டார். பந்து குழியில் விழும் ஓசையை முதல் நாளிலேயே கேட்ட பிள்ளை மறுநாளும் தானாக வரும் என்று சொன்னேன்.

மே 7
காற்று.

மே 10
பதினான்கு வயதுப் பையனைப் பற்றியே நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொங்கலின்போது என் தோளளவு இருந்தவன் இப்போது என் கண்ணுக்கு நேராக நிற்கிறான். கைகள் நீண்டுவிட்டன, உடலோ பழைய கைகளின் கணக்கிலேயே சுழல்கிறது. அதனால் 7 அயன் மட்டை பந்தைத் தொடுமுன் மண்ணில் இடிக்கிறது. இப்போது ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் முறையை, முழுவதும் மாற்றினால், வளர்ச்சி நிற்கும்போது இன்னொரு முறை மாற்ற நேரும். ஆகவே நிற்கும் நிலையையும் பந்து வைக்கும் இடத்தையும் மட்டும் திருத்தி, இடுப்பளவு அரை ஸ்விங்குக்கு அவனைக் கொண்டுவந்திருக்கிறேன். சிறுவர்களுக்கு நடுவே சிப்பிங் (பந்தைக் குறுந்தூரம் தூக்கிப் போடுவது) செய்வது அவனுக்கு அவமானமாகப் படுகிறது. ஆனாலும் வேறு வழியை என் மனம் ஏற்கவில்லை.

மே 13
பெரியவர்களின் மட்டையை அறுத்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். தண்டைக் குறைத்தாலும் தலையின் எடை குறைவதில்லை, தண்டு விறைப்பாகவும் ஆகிவிடுகிறது. எட்டு வயது மணிக்கட்டு அதைத் தூக்கும்போதே மடங்குகிறது. போட்டி விதி 14 மட்டைகள் வரை அனுமதிக்கிறது, ஆனால் தொடங்கும் பிள்ளைக்கு அளவான மூன்று போதும். விரல்களைக் கோத்துப் பிடிக்கவும் நான் சொல்வதில்லை. பத்து விரல்களும் பிடியில் படட்டும்.

மே 17
ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இன்று நேர் எதிரே அடித்தது. வளர்ந்த பிள்ளைகள் பலம் கூட்டி அடித்தார்கள். பின்சுழற்சி கூடியதால் பந்து மேலே ஏறி அப்படியே நின்று விழுந்தது. தோவாளைப் பெண் மட்டும் 7 அயனை வைத்துவிட்டு, அதைவிடத் தொலைவாக அனுப்பும் 6 அயனை எடுத்து மெதுவாக அடித்தாள். தூரம் போதவில்லை என்று வருந்துபவள் அவள்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றதையும், தம்மைவிடத் தொலைவாக அடிப்பவர்களிடையே அவரை அங்கே நிறுத்தியது புட்டர்தான் என்பதையும் அவளிடம் நெடுநேரம் பேசினேன்.

மே 22
பையன் வரவில்லை.

மே 25
மழை. ஜூன் 1இல் பேச்சிப்பாறை அணை திறந்தால் அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு இந்த வயல் உழவாகிவிடும். திருவனந்தபுரத்திலுள்ள 9 குழி மைதானத்தை நம்பி இத்தனை பிள்ளைகளையும் எப்படி அழைத்துச் செல்வது?

மே 27
பையன் வந்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு அவனை மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன். அரை ஸ்விங்கை முக்காலாக்கிப் பார்க்க வேண்டும்.