சிவப்பு வால் மஸ்டாங்: நாலு முறை அடித்த பெயின்ட்

இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 15.7 சென்டிமீட்டர். அவ்வளவுதான் விமானம். இதற்குப் பதினோரு வாரம் ஆயிற்று என்றால் வீட்டில் யாரும் நம்பவில்லை. தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களே நம்பவில்லை. அதில் மூன்று வாரம் வாலுக்கு மட்டும் போனது.

1:72 அளவில் நான் செய்த மாடல், பி-51சி மஸ்டாங் போர்விமானம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 332ஆவது ஃபைட்டர் குரூப் ஓட்டியது. டஸ்கீகி விமானிகள் என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்களைத் தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், கறுப்பின விமானிகளையே கொண்டு அமைந்த போர்விமானப் பிரிவு அது. விமானத்தின் வால் முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்புக்காகத்தான் கிட்டையே (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கினேன். (தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை: மஸ்டாங்கும் 'பி', அது காவல் போன பெரிய குண்டுவீச்சு விமானங்களான பி-17, பி-24ம் 'பி'. ஆங்கிலத்தில் ரெண்டும் வேறு வேறு எழுத்து. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இதை மஸ்டாங் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே நான் செய்து முடித்தது பெயர்ப்பலகை. சின்ன அட்டையில் அச்சடித்து வெட்டியும் வைத்துவிட்டேன்: "காவல் போன குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரியிடம் இழக்காத படை." வருஷக்கணக்காக எங்கெங்கோ படித்து மனதில் ஒட்டிக்கொண்ட வரி. இந்த அட்டைக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் காக்பிட், உடல், இறக்கை என்று வழக்கமான வேலை. காக்பிட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மூடிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. இறக்கையில்தான் ஒரு விஷயம். கிட்டில் இறக்கை முழுக்க ஆணி வரிசையும் தகட்டு இணைப்புக் கோடுகளும் அழகாகச் செதுக்கியிருந்தார்கள். ஆனால் நிஜ மஸ்டாங்கின் இறக்கையில் காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே அந்த இணைப்புகளைப் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துத்தான் அனுப்பினார்கள். அதாவது உடல் பளபளக்கும் வெறும் அலுமினியம், இறக்கை வெள்ளிப் பெயின்ட். ரெண்டும் வெளிச்சத்தில் வேறு மாதிரி மின்னும். ஆக, யாரோ ஒருவர் கஷ்டப்பட்டுச் செதுக்கிய கோடுகளை நான் உட்கார்ந்து புட்டியால் அடைத்து உப்புத்தாளில் தேய்த்தேன். நான்கு மாலைகள் அதற்கே போயின.

இந்தப் பொழுதுபோக்கில் பாதி நேரம் காய்வதற்குக் காத்திருப்பதுதான். அந்த நேரத்தில் இந்தப் படையின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். 1941 மார்ச் 22 அன்று 99ஆவது பர்சூட் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது, பின்னால் 332ஆவது குழுவில் சேர்ந்த பிரிவு. விமானிகளுக்குப் பயிற்சி அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில். முதல் அணியில் சேர்ந்தவர்கள் 13 பேர். 1942 மார்ச்சில் பயிற்சி முடித்து விமானிக்கான சிறகுச் சின்னம் வாங்கியவர்கள் ஐந்தே பேர். அந்த ஐவரில் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்த நான்கு வருஷமும் சக மாணவர்கள் அவரோடு பேசவே இல்லை. வேலை சம்பந்தமாக ஒரு வார்த்தை, அதற்கு மேல் கிடையாது. அறையில் தனியாக, சாப்பாட்டு மேசையில் தனியாக. அதையும் தாங்கி 1936-இல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் 332ஐ வழிநடத்தியவர் இவர்தான்.

99ஆவது ஸ்குவாட்ரன் 1943-இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போனது பி-40 விமானங்களோடு (இதுவும், பின்னால் வரும் பி-39, பி-47ம் போர்விமானங்கள்தான், குண்டுவீச்சு விமானங்கள் அல்ல). ஜூலை 2 அன்று சிசிலி வானில் சார்லஸ் ஹால் ஒரு ஜெர்மன் ஃபோக்-வுல்ஃப் 190ஐ வீழ்த்தினார். இந்தப் படையின் முதல் வெற்றி. ஆனால் சில மாதத்திலேயே, இவர்கள் எந்தக் குழுவோடு இணைந்து பறந்தார்களோ அந்தக் குழுவின் தளபதியே, "இவர்களுக்குப் போர்க்குணம் போதாது" என்கிற ரீதியில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். டேவிஸ் வாஷிங்டனுக்குப் போய் ஒரு குழுவின் முன் பதில் சொல்ல வேண்டி வந்தது. நான் ப்ரைமர் அடித்துவிட்டு, முகமூடியைக்கூடக் கழற்றாமல் இந்தப் பகுதியைப் படித்தேன். அப்புறம் ராணுவமே புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தது. மற்ற பி-40 ஸ்குவாட்ரன்களுக்கு 99 குறைந்ததில்லை என்று தெரிந்தது. 1944 ஜனவரி 27, 28 தேதிகளில் இத்தாலியின் அன்சியோ கடற்கரைக்கு மேலே இரண்டே நாளில் பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்கள். அந்தப் பேச்சு அதோடு அடங்கியது.

சரி, வாலுக்கு வருகிறேன்.

332ஆவது குழு 1944 தொடக்கத்தில் இத்தாலிக்கு வந்தபோது கையில் கொடுத்தது பி-39. வேலை கடற்கரை ரோந்து. ஜூன் மாதம் பி-47 வந்தது, அதுவும் 325ஆவது குழு மஸ்டாங்குக்கு மாறியபோது விட்டுப்போன பழைய விமானங்கள். 325இன் அடையாளம் வாலில் மஞ்சளும் கறுப்புமாகச் சதுரங்கக் கட்டம். அதற்கு மேல்தான் சிவப்பு அடிக்கப்பட்டது. ஜூலையில் மஸ்டாங் வந்தபோதும் அதே சிவப்பு தொடர்ந்தது. 15ஆவது வான்படையில் ஒவ்வொரு மஸ்டாங் குழுவுக்கும் ஒரு வால் அடையாளம்: 31க்குச் சிவப்புக் கோடுகள், 52க்கு மஞ்சள், 325க்குக் கட்டம், 332க்கு முழுச் சிவப்பு. ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக்காரர் பயந்துபோய் நம் ஆளையே சுட்டுவிடக் கூடாது அல்லவா.

என்ன சிவப்பு என்பதில்தான் மாடல் செய்பவர்களிடையே ஓயாத சண்டை. 1945 மார்ச்சில் டோனி ஃப்ரிசெல் என்ற புகைப்படக் கலைஞர் இவர்களுடைய ராமிட்டெல்லி தளத்துக்கே போய் எடுத்த படங்கள் பிரமாதமானவை. இரும்புத் தகடு விரித்த ஓடுதளம், மெக்கானிக்குகள், எண்ணெய் படிந்த தோல் கோட்டு எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். ஆனால் கறுப்பு வெள்ளை. சிவப்பு வால் அதில் கரும்சாம்பல். குங்குமச் சிவப்பா, செங்கல் சிவப்பா என்று அந்தச் சாம்பலைப் பார்த்து யார் சொல்வது? நான் குங்குமத்துக்குக் கொஞ்சம் இருட்டாக ஒன்றைக் கலந்துகொண்டேன்.

முதல் முறை: அலுமினியம் பளபளப்பு வர வேண்டுமென்று உடல் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு அடித்திருந்தேன். அதன்மேல் நேராகச் சிவப்பு. காய்ந்ததும் பார்த்தால் நாவல்பழம். சிவப்புப் பெயின்ட் கீழே இருப்பதை மறைக்காது என்பது தெரியும், தெரிந்தே செய்தேன்.

இரண்டாம் முறை: கறுப்பை மறைக்க வெள்ளையை அப்பினேன். கனம் கூடி, சுக்கானின் கோடுகள் மறைந்து, வால் சோப்பில் செய்தது போல ஆகிவிட்டது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன்.

மூன்றாம் முறை வெள்ளை சரியாக வந்தது, சிவப்பும் வந்தது. அன்றைக்கு வெளியே மழை. பொறுமையில்லாமல் மாஸ்கிங் டேப்பை உரித்தேன். டேப்போடு சேர்ந்து உடலின் வெள்ளியும் ஒரு நகம் அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு பக்கம் சிவப்பு டேப்புக்கு அடியில் புகுந்து முள்ளு முள்ளாக நின்றது. மகள் வந்து எட்டிப் பார்த்து, "அப்பா, வாலுக்கு அடிபட்டிருச்சா?" என்றாள். பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

வாலைத் தொடாமல் கிடந்த அந்தப் பத்து நாளில்தான் அட்டையின் கதை முடிந்தது. எந்த விமானியின் விமானத்தைச் செய்வது என்று டீகால் தாளை (மாடல்மேல் ஒட்டும் எழுத்து, சின்னங்கள் அச்சான தாள்) வைத்துக்கொண்டு பயண விவரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆய்வு அமைப்பைச் சேர்ந்த டேனியல் ஹால்மன் என்ற வரலாற்றாசிரியர் ஒவ்வொரு பயண அறிக்கையையும், விழுந்த ஒவ்வொரு குண்டுவீச்சு விமானத்தின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். 332இன் காவலில் எதிரி விமானங்களால் வீழ்ந்தவை 27. அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில், 1944 ஜூலை 18, ஜெர்மனியின் மெம்மிங்கன் மீதான தாக்குதலில். அதே நாளில்தான் இந்தக் குழுவின் கிளாரன்ஸ் லெஸ்டர் சில நிமிடங்களில் மூன்று எதிரி விமானங்களை வீழ்த்தினார்.

அந்த வரி எப்படிப் பரவியது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு: 1945 மார்ச் 24 தேதியிட்ட 'சிகாகோ டிஃபெண்டர்' இதழ், 200 பயணம் போயும் ஒன்றையும் இழக்கவில்லை என்று எழுதியது. அதே மார்ச் 24 அன்று இவர்கள் பெர்லின் வரை போய்த் திரும்பினார்கள், 1,600 மைல். ராஸ்கோ பிரௌன், ஏர்ல் லேன், சார்லஸ் பிரான்ட்லி மூவரும் ஆளுக்கொரு மெசர்ஸ்மிட் 262 ஜெட்டை வீழ்த்தினார்கள். அன்றைக்கே காவல் போன குண்டுவீச்சு விமானங்களும் விழுந்தன.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அட்டையை அச்சடித்த கோபம். பிறகு இன்னொரு எண் கண்ணில் பட்டது. அதே வான்படையில் காவல் போன மற்றக் குழுக்களின் சராசரி இழப்பு 46. அப்படியானால் 27 என்பதே பெரிய சாதனைதான். எதிரியைத் துரத்திக்கொண்டு போய்ப் பெயர் வாங்காதே, குண்டுவீச்சு விமானத்தை விட்டு விலகாதே என்பது டேவிஸின் கண்டிப்பு. ஒரு விமானமும் விழவில்லை என்றால் அது தெய்வக் கதை. 27 விழுந்தன என்றால் அங்கே நிஜமாகவே யாரோ சுட்டார்கள், யாரோ குறுக்கே போனார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. அட்டையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் சிவப்புக் கலவையைச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்டேன். நல்ல கனமான அட்டை.

நான்காம் முறை: வெள்ளை மிக மெல்லியதாக, அதன்மேல் இளஞ்சிவப்பு, அதன்மேல் தண்ணீர் போல நீர்த்த சிவப்பு ஐந்து பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். டேப்பை ஒட்டுமுன் உள்ளங்கையில் நாலு தடவை ஒட்டி எடுத்து அதன் பிசினைக் குறைத்தேன். உரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கோடு கத்தியால் வெட்டியது போல வந்தது. மூக்கிலுள்ள கூம்புக்கும் அதே சிவப்பு, இறக்கையில் மஞ்சள் பட்டை.

விமானி யார் என்பதை வாலில் இருக்கிற அரிசி அளவுத் துண்டுதான் முடிவுசெய்ய வேண்டும். சுக்கானிலும் எலிவேட்டரிலும் (கிடைவாலின் அசையும் பகுதி) இருக்கும் சின்ன ட்ரிம் டேபின் (ஒட்டும் டேப் அல்ல, அசையும் சிறு தகடு) நிறம், குழுவின் நான்கு ஸ்குவாட்ரன்களில் எது என்பதைக் காட்டும்: 99க்கு வெள்ளை, 100க்குக் கறுப்பு, 301க்கு நீலம், 302க்கு மஞ்சள். நான் 302ஐ எடுத்தேன், லீ ஆர்ச்சரின் 'இனா தி மேக்கன் பெல்'. இனா அவர் மணந்த பெண். 1944 அக்டோபர் 12 அன்று ஹங்கேரி வானில் ஆர்ச்சர் மூன்று விமானங்களை வீழ்த்தினார். குழுவுக்கு மொத்தம் அன்று ஒன்பது.

கிட்டில் இறக்கைக்கு அடியில் மாட்டும் எரிபொருள் தொட்டி இரண்டு ஜோடி கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று காகிதத்தை அழுத்திச் செய்த தொட்டி, இங்கிலாந்திலிருந்து பறந்தவர்கள் பயன்படுத்தியது. இத்தாலிக்கு இரும்புத் தொட்டிதான் பொருந்தும் என்று அதையே மாட்டினேன். காகிதத் தொட்டி உதிரிப் பெட்டிக்குப் போயிற்று.

அடுத்து என்ன செய்யலாம் என்பதும் முடிவாகிவிட்டது: பி-47என். அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1948-இல் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை நீக்க ஆணையிட்டார். 332 கலைக்கப்பட்டது 1949 ஜூலையில். அதற்குச் சில வாரம் முன்பு லாஸ் வேகாஸில் விமானப்படைத் துப்பாக்கிச் சுடும் போட்டி நடந்தது. ப்ரொப்பல்லர் விமானப் பிரிவில் 332இன் அணிதான் முதலிடம், பழைய பி-47என்னை வைத்துக்கொண்டு. வருடாந்தர பட்டியல்களில் அந்த ஆண்டின் வெற்றியாளர் "தெரியவில்லை" என்றே பல வருஷம் அச்சாகிவந்தது. கோப்பை 2004-இல்தான் விமானப்படை அருங்காட்சியகத்தின் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கோப்பையையும் சின்னதாகச் செய்து பக்கத்தில் வைக்க ஆசை.

இப்போது மஸ்டாங் அலமாரியில் இருக்கிறது. புதிய அட்டையில் "ராமிட்டெல்லி, 1944 அக்டோபர்" என்று மட்டும் எழுதினேன். இடப்பக்க எலிவேட்டரில் மஞ்சள் கோட்டைத் தாண்டி மயிரிழை வழிந்திருக்கிறது. மகள் கண்டுபிடித்துவிட்டாள். இருக்கட்டும், இன்னொரு தடவை டேப் ஒட்ட என்னால் ஆகாது.