கண்ணாடிக் கடைக்குள் சைக்கிளோடு

என் கண்ணாடியின் பவர் வலது கண்ணில் மைனஸ் 10.50, இடது கண்ணில் மைனஸ் 11. இரண்டிலும் சிலிண்டரும் உண்டு, கருவிழி ஒரு திசையில் கூட வளைந்திருப்பதைத் திருத்துகிற பவர் அது. கண்ணாடியைக் கழற்றினால் முகத்திலிருந்து ஒன்பது சென்ரிமீற்றருக்குள் இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். அதற்கு அப்பால் பூவரச மரமும் பஸ்ஸும் ஒரே மாதிரி நிறத் திட்டுகள்தான்.

இந்தக் கண்ணோடு கிழமைக்கு மூன்று நாள் சைக்கிள் ஓடுகிறேன். விடிய ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. நேரம் இருந்தால் புங்குடுதீவுப் பாலத்தையும் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை போவேன். போகும்போது வெயில் முதுகுப் பக்கம், கவலை இல்லை. திரும்பி வரும்போதுதான் எட்டு மணி வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பாலத்தின் இரண்டு பக்கமும் கடல்நீர் கண்ணைக் கூசவைக்கும். தென்மேற்குக் காற்றடிக்கும் சோளகக் காலத்தில் மண்கும்பான் மணல் காற்றோடு எழும்பிக் கண்ணாடியின் பக்கவாட்டால் உள்ளே வரும். ஒருநாள் இந்த வெளிச்சத்துக்குள் எதிரே வந்த மோட்டார் சைக்கிளை நான் காணவில்லை. ஒலி கேட்டு ஒதுங்கியதால் தப்பினேன். அன்றைக்குத்தான் பவரோடு ஒரு கறுப்புக் கண்ணாடி செய்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஒன்றரை வருடம் எடுத்தது. என்னைப் போலப் பெரிய பவர் உள்ளவர்கள் அதே சுற்றைச் சுற்றவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கண்ணாடிக்கு மேல் போடுகிற பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். இரண்டும் சேர்ந்த பாரத்தில் மூக்கு நொந்தது, வியர்வையில் இரண்டும் சேர்ந்து வழுக்கின. பிறகு வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ். அது குளிர்நாட்டில் நன்றாகக் கறுக்கும், சூடு கூடினால் கறுப்பு குறையும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டது.

அடுத்தது, முகத்தைச் சுற்றி வளைந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கண்ணாடி. சைக்கிள் போட்டிகளில் எல்லோரும் போட்டிருப்பது அதுதான். எனக்கும் அதுவேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இரண்டு கடைகளில் பவரைப் பார்த்ததுமே முடியாது என்றார்கள். மூன்றாவது கடையில் செய்து தரலாம் என்றார்கள். மூன்று கிழமை கழித்துக் கண்ணாடி வந்தது. ஓரம் விரல் தடிப்பில் இருந்தது. போட்டுக்கொண்டு நடந்தபோது கடையின் தரை ஒரு பக்கம் சரிந்திருப்பது போல இருந்தது. “பழகிவிடும்” என்றார்கள். நானும் நம்பி இரண்டு கிழமை ஓடினேன். நேரே பார்த்தால் ஓரளவு தெரியும். தோளுக்கு மேலால் திரும்பிப் பின்னால் வருகிற வாகனத்தைப் பார்த்தால் வீதியே வளைந்து நெளியும். வீட்டுக்கு வந்தால் தலையிடி. கொடுத்த காசை நினைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அது ஆபத்தான வேலை. ஓடும்போது வீதி சரிந்து தெரிந்தால் அந்தக் கண்ணாடியை அன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஏன் அப்படி ஆனது என்று விளங்கப்படுத்தியவர் நகரில் சிறிய கடை வைத்திருக்கும் ஒரு வயதான அண்ணை. இனி இந்தக் கதை முழுக்க அவர்தான் வருவார். என் வளைந்த கண்ணாடியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, உந்தப் பிரேமுக்கு லென்ஸின்ர முன்பக்கம் பிளஸ் எட்டு வளைவு. உங்களுக்கு மைனஸ் பதினொண்டு வேணும். அப்ப பின்பக்கம் எவ்வளவு தோண்டவேணும்?”

“பத்தொன்பது?”

“ஓம், கிட்டத்தட்ட. சிரட்டைக்குள்ள இன்னொரு சிரட்டை தோண்டுற மாதிரி. மைனஸ் லென்ஸ் நடுவில மெல்லிசு, ஓரத்தில தடிப்பு. பிரேம் பெருக்கப் பெருக்க ஓரமும் தடிக்கும்.”

அதோடு இன்னொன்றும் சொன்னார். லென்ஸின் ஒளிமையம், அதாவது ஒளி வளையாமல் நேரே போகும் புள்ளி, கண்மணிக்கு நேரே இருக்கவேண்டும். அது விலகினால், விலகிய சென்ரிமீற்றரைப் பவரால் பெருக்கிவருகிற அளவுக்கு லென்ஸ் பிரிசம் போல ஒளியை ஒரு பக்கம் வளைக்கும். மைனஸ் 2 உள்ளவருக்கு மூன்று மில்லிமீற்றர் விலகினால் 0.6, பெரிதாகத் தெரியாது. எனக்கு அதே மூன்று மில்லிமீற்றர் 3.3. தரை சரிந்ததற்குக் காரணம் இதுதான். வளைந்த பிரேமில் லென்ஸ் முகத்துக்குச் சரிவாக நிற்பதால், சாதாரணக் கண்ணாடிக்கு எழுதிய பவரை அப்படியே வெட்டவும் கூடாது, திருத்திக் கணக்குப் போடவேண்டும். நான் போன கடையில் அதையும் செய்யவில்லை. வளைந்த பிரேம் சின்னப் பவர்காரருக்கு நன்றாகப் பொருந்தும் என்றும், மைனஸ் நாலு, ஐந்தைத் தாண்டினால் கவனம் என்றும் அண்ணை சொன்னார். இதை முதல் கடையிலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உடனே புதுக் கண்ணாடிக்கு அளவெடுப்பார் என்று நினைத்தேன். அவர் என் பவர்ச் சீட்டின் திகதியைப் பார்த்துவிட்டு, முதலில் கண் வைத்தியரிடம் போகச் சொன்னார். சீட்டு இரண்டு வருடம் பழசு. போனேன். கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய பவர் உள்ளவர்களின் கண் நீளமானது, விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், அது கிழியவோ கழரவோ மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். திடீரென்று மின்னல் போல ஒளி தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைத்தாலோ ஒரு நாளும் பிந்தாமல் வரச் சொன்னார். சைக்கிளில் விழுந்து தலை அடிபட்டாலும் வந்து காட்டவேண்டும். கண்ணாடி தேடிப் போன எனக்கு அன்று கிடைத்த பெரிய லாபம் இந்தப் பேச்சுத்தான்.

ஒரு விஷயம்: துளிமருந்து விட்டால் பல மணி நேரத்துக்குக் கண் கூசும், கிட்ட இருப்பதும் மங்கும். நான் தெரியாமல் சைக்கிளில் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வீதியிலிருந்து கொக்குவில் வரை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். ஓட்டோவில் போங்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

கொன்டாக்ட் லென்ஸ் பற்றியும் வைத்தியரிடம் கேட்டேன். பரிசோதனைக்குப் போட்டும் பார்த்தேன். அந்த முதல் நாளை மறக்கமுடியாது. பெரிய மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும். கொன்டாக்ட் லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருப்பதால் பொருட்கள் கிட்டத்தட்ட உண்மையான அளவில் தெரிகின்றன. ஓரப்பார்வை முழுதாகக் கிடைக்கிறது. பவரும் குறைகிறது, கண்ணாடியில் மைனஸ் 11 என்றால் கண்ணின் மேல் வைக்கும்போது மைனஸ் 9.75 போதும். அதற்கு மேல் பவர் இல்லாத எந்தக் கறுப்புக் கண்ணாடியையும், அந்த வளைந்ததையும் கூட, போடலாம். உங்கள் கண் ஏற்றுக்கொண்டால் இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைக்கிறேன்.

என் கண் ஏற்கவில்லை. எனக்குக் கண்ணீர் குறைவு. காற்றில் ஒரு மணித்தியாலம் ஓடினால் லென்ஸ் காய்ந்து ஒட்டும். சிலிண்டர் இருப்பதால் எனக்குத் தேவையான லென்ஸை ஒவ்வொரு முறையும் சொல்லியெடுக்கவேண்டும். பிறகு மண்கும்பானில் ஒருநாள் மணல் உள்ளே போய், வீதியோரத்தில் ஒரு லென்ஸைக் கழற்றவேண்டி வந்தது. கையிலே மாற்றுக் கண்ணாடி இல்லை. ஒற்றைக் கண்ணோடு உருட்டிக்கொண்டு வந்தேன். கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பழைய கண்ணாடியைச் சைக்கிள் பையில் கட்டாயம் வைத்திருங்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் கிணற்றடிப் பழக்கம் இருப்பதால் இதையும் சொல்லவேண்டும். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ அந்த லென்ஸில் படவே கூடாது. தண்ணீரில் இருக்கும் அமீபா கருவிழியில் தொற்றிப் பார்வையையே எடுத்துவிடக் கூடியது. அதற்கென்று விற்கிற திரவத்தில் மட்டும்தான் கழுவவேண்டும்.

இடையில் கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு ஸ்போர்ட்ஸ் கண்ணாடி அனுப்பினான். வெளியே பெரிய கறுப்பு முகப்பு, அதன் பின்னால் பவர் லென்ஸ் பொருத்துகிற சின்ன உள்பிரேம். நல்ல யோசனைதான், நடுத்தரப் பவர்காரருக்கு உதவும். என் லென்ஸின் தடிப்பில் இமை மயிர் உரசியது. நின்றவுடன் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படிந்தது. அதை இப்போது என் மருமகன் போடுகிறான், அவனுக்கு மைனஸ் 3 தான்.

சரி, திரும்பவும் அண்ணையின் கடைக்கு வந்தேன். “எப்பிடி இருக்கவேணும் எண்டதை விடுங்கோ, என்ன செய்யவேணும் எண்டதைச் சொல்லுங்கோ” என்றார். வீதி தெளிவாகத் தெரியவேண்டும், வெளிச்சம் குறையவேண்டும், காற்றும் மணலும் உள்ளே வரக்கூடாது, வியர்த்தாலும் நழுவக்கூடாது. இந்த நாலையும் ஒரே பொருளில் தேடியதுதான் என் பிழை என்று அப்போது விளங்கியது. தெளிவையும் வெளிச்சத்தையும் லென்ஸிடம் விட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் வேறு வழி பார்த்தோம்.

லென்ஸுக்கு அவர் தெரிந்தெடுத்தது தட்டையான, சின்னப் பிரேம். ஒரு லென்ஸின் அகலம் 46 மில்லிமீற்றர், மூக்குப் பாலம் 18. இரண்டையும் கூட்டினால் 64, அது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள என் தூரத்தோடு சரியாகப் பொருந்தியது. அதனால் ஒளிமையத்தைத் தள்ளி வெட்டத் தேவையில்லை, ஓரமும் குறைவாகவே தடிக்கும். பிரேம் காலின் உள்பக்கத்தில் இந்த இரண்டு இலக்கமும் அச்சடித்திருக்கும், கடைக்குப் போனால் முதலில் அதைப் பாருங்கள். லென்ஸின் ஒளிவிலகல் எண் 1.67, இந்த எண் கூடக் கூட லென்ஸ் மெல்லிசாகும். 1.74 இன்னும் மெல்லிசு, ஆனால் சாயம் ஒழுங்காக ஏறாது என்றார். அடிபட்டால் உடையாததற்குப் பொலிகார்பனேற்தான் பேர்போனது. என் பவருக்கு அது 1.67ஐவிடத் தடிக்கும் என்பதால் விட்டோம்.

நிறம் மண்ணிறம், வெளிச்சத்தில் 80 சதவீதத்தை மறைக்கும் அளவு. மண்ணிறத்தில் வீதியின் பள்ளமும் மேடும் எனக்கு நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. மிகக் கறுப்பானவற்றிலே நாலாம் வகை என்று ஒன்று உண்டு, அது வீதியில் வாகனம் ஓட்ட ஆகாது. லென்ஸின் உள்பக்கத்துக்குப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் கேட்டு வாங்கினேன். வெயில் முதுகில் இருக்கும்போது என் கண்ணே லென்ஸில் தெரிகிற தொல்லை அதோடு போனது.

அளவெடுக்கும்போதுதான் சைக்கிள் உள்ளே வந்தது. நான் வளைந்த கைபிடியில் குனிந்து ஓடுகிறவன். குனிந்தால் தலை கவிழும், வீதியைப் பார்க்கக் கண் மேலே போகும். நிமிர்ந்திருந்து அளவெடுத்தால் ஒளிமையம் எனக்குக் கீழே விழுந்துவிடும். இதைச் சொன்னதும் அண்ணை கொஞ்சம் யோசித்தார். “சைக்கிளை உள்ளுக்கு எடுங்கோ” என்றார். சுவரோடு சாத்தி நான் ஏறி இருக்க, கடைப் பெடியன் பின் சில்லைப் பிடித்துக்கொண்டான். பிரேமைப் போட்டுக்கொண்டு, எப்போதும் ஓடுகிற மாதிரிக் குனிந்து, வாசலுக்கு வெளியே எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அண்ணை முழங்காலில் இருந்து, பிரேமில் இருந்த வெறும் பிளாஸ்டிக்கில் என் கண்மணிக்கு நேரே பேனையால் புள்ளி வைத்தார். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, இரண்டு தரம். நிமிர்ந்து பார்த்தபோது வைத்த புள்ளியைவிட நாலு மில்லிமீற்றர் மேலே இருந்தது. நாற்பது வருடம் கண்ணாடி விற்கிற மனிதர், சைக்கிளில் இருக்கிறவனுக்கு அளவெடுத்தது இதுதான் முதல் தரம் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

நழுவாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் கட்டுகிற இழுவைப் பட்டி. இதை அலங்காரம் என்று நினைக்கவேண்டாம். மைனஸ் லென்ஸ் கண்ணை விட்டு விலக விலக அதன் பலம் குறையும். மைனஸ் 11 மூன்று மில்லிமீற்றர் வழுக்கினால் 0.35 அளவு பவர் போய்விடும். வியர்த்த நேரத்தில் தூரத்துப் பலகை ஏன் மங்குகிறது என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன், கண் களைத்துப்போகிறது என்றுதான் நினைத்தேன். பட்டி கட்டிய நாளில் இருந்து அது இல்லை. பக்கக் காற்றுக்கு, வேலைத்தலங்களில் போடும் பாதுகாப்புக் கண்ணாடியின் காலில் செருகுகிற மெல்லிய பக்க மறைப்பு. மேல் வெயிலுக்கு ஹெல்மெட்டின் உள்ளே முனை வைத்த துணித் தொப்பி.

கண்ணாடி வர ஐந்து கிழமை ஆனது. லென்ஸ் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. லென்ஸின் விலை பிரேமைப்போல நாலு மடங்கு, காசில் பெரும்பகுதியை லென்ஸில்தான் போட்டேன். கடைக்கு வெளியே சைக்கிளில் குனிந்து ஒரு தரம் போய்வந்து பார்த்த பிறகுதான் மிச்சக் காசை வாங்கினார் அண்ணை.

குறை இல்லாமல் இல்லை. பிரேம் சின்னது என்பதால் அதன் விளிம்புக்கு வெளியே எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பவேண்டும். அதனால் கைபிடியின் நுனியில் பின்னால் வருவதைக் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடி பூட்டியிருக்கிறேன். தண்ணீரின் பளபளப்பும் முழுதாகப் போகவில்லை. அதற்குப் போலரைஸ்ட் லென்ஸ் வேண்டும். சினேகிதன் ஒருவனுடையதைக் கொன்டாக்ட் லென்ஸ் காலத்தில் போட்டுப் பார்த்தேன், பண்ணைக் கடலின் அடிப்பாசி வரை தெரிந்தது. ஆனால் சைக்கிள் மீற்றரின் திரை சில கோணங்களில் இருண்டுபோனது. அடுத்த முறை என் பவரில் அதைக் கேட்டுப் பார்க்கிறதாக இருக்கிறேன்.

போன ஞாயிறு குறிகட்டுவானில் இருந்து திரும்பினேன். எட்டேகால் இருக்கும். பண்ணைப் பாலத்தில் ஏறியபோது வெயில் நேரே முகத்தில். தூரத்தில் கோட்டை மதில் தெரிந்தது, அதற்கு இப்பால் வலை வீசுகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். நாலு பேர். எண்ணிப் பார்த்தேன்.