துண்டில் முடிந்த தினை

எங்கள் அப்பா, நைனா, போய்ச்சேர்ந்த பிறகு ஒரு வருஷம் நாங்கள் எந்த மலையும் ஏறவில்லை. துக்கம் நடந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலைக்கோயிலுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காட்பாடிப் பக்கம், வள்ளி தினைப்புனம் காத்ததாகச் சொல்லும் மலை வள்ளிமலை. போன மாசியில் அங்கே தேர் எங்களில் ஒருவரும் இல்லாமல்தான் மலையைச் சுற்றி வந்தது. எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு மாசி இருந்ததில்லை. இந்தத் தையில் திதி கொடுத்து முடித்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: "மாசிக்கு வள்ளிமலைக்குப் போயிடணும்."

பொன்னையாற்றை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் கழனி, அதற்கு மேலே கொல்லை. கழனியில் நெல், கொல்லையில் கல்லக்கா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும், கேவுரு என்னும் கேழ்வரகும். கொல்லையின் கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு பாத்தி தினை. விற்பதற்கில்லை, வீட்டுச் சமையலுக்கும் இல்லை. அது வள்ளிக்கு.

கந்தபுராணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை, நம்பிராஜன் வளர்த்த பெண், தினைப்புனம் காத்தவள், கிழவனாகவும் வேங்கை மரமாகவும் நின்று ஏமாற்றிய முருகனைக் கட்டிக்கொண்டவள். நைனாவுக்கு இதில் கல்யாணப் பகுதியைவிடக் காவல் பகுதிதான் பிடிக்கும். "மத்த சாமிங்கல்லாம் சாமி. இவ நம்மாட்டம் கொல்லைக்காரிம்மா" என்பார். சின்ன வயதில் என்னைப் பரணில் ஏற்றி உட்காரவைத்துக் கிளி விரட்டச் சொன்னதும் அவர்தான். கையில் தகர டப்பாவும் குச்சியும் கொடுப்பார். தட்டலாம், கத்தலாம், கல் மட்டும் எறியக்கூடாது. "ஆலோலம்னு பாட்டுப் பாடித்தான் அவ ஓட்டினா" என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கியபோது தம்பி வேன் பிடித்து வைத்திருந்தான். மேல்பாடியில் கொஞ்சம் நின்றோம். அங்கே ராஜராஜ சோழன் இறந்துபோன தன் பாட்டன் அரிஞ்சயனின் நினைவாக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. ஆயிரம் வருஷம் கடந்த கல். நைனா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கும்பிடு போடுவார். யாருக்கு என்று கேட்டால், "தாத்தனை மறக்காத பேரனுக்கு" என்பார். அன்று நாங்களும் நின்று கும்பிட்டோம். தம்பி தானாகவே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

அடிவாரத்தில் சரவணப் பொய்கையில் கால் நனைத்துக்கொண்டு, கீழ்க்கோயில் ஆறுமுகரைக் கும்பிட்டு ஏறத் தொடங்கினோம். மொத்தம் 444 படிகள். அம்மா இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் நைனாவின் பேச்சுதான்.

அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன வருஷம் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் அவள் எடை எதையும் தூக்கக்கூடாது. விடியற்காலையில் மாட்டைக் கறந்துவிட்டு வந்து நைனாவே அடுப்பில் உலை வைப்பார். களி கிண்டும் துடுப்பை இரண்டு காலுக்கு நடுவே பானையை இடுக்கிக்கொண்டு சுழற்றுவார். ஏர் பிடிக்கிற கை, களியில் ஒரு கட்டி இருக்காது. எங்கள் மூன்று பேருக்கும் உருண்டை வைத்து, முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றிவிட்டு, பானை அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றி அவர் குடிப்பார். "எனக்கு இது போதும்" என்று சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால் எங்களுக்கு இறங்காது என்று தெரிந்திருந்தது அவருக்கு.

மலைமேல் கோயில் பாறையைக் குடைந்த குகைதான். குனிந்துதான் உள்ளே போகவேண்டும். முருகனோடு வள்ளிக்கும் தனிச் சன்னதி. கையில் உண்டிவில்லும் கவண்கல்லுமாக, காவல் வேலையின் நடுவில் யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள் மாதிரி நிற்கிறாள். இங்கே நின்றுதான் நைனா வருஷா வருஷம் கணக்குச் சொல்வார். வேண்டுதல் என்று ஒன்றும் இருக்காது. "கல்லக்கா இருபது மூட்டை தாயி. நெல்லு பரவால்ல. செவலைப் பசு கன்னு போட்டிருக்கு." 2021 கார்த்திகையில் பொன்னையாறு கரைபுரண்டு, கதிர் விட்ட நெல்லெல்லாம் சேற்றில் படுத்துவிட்டது. அந்த மாசியிலும் வந்தார். "இந்த வருஷம் ஒண்ணும் வரலை தாயி, ஆத்துக்கு வந்துது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை அவிழ்த்துத் தினையை வைத்தார். தினைப்பாத்தி மேட்டில் இருந்ததால் தப்பியிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் முகத்தில் குறை ஒன்றும் இல்லை. கேட்பதற்கு என்று அவர் ஒருநாளும் மலை ஏறியதில்லை என்பது எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

திருப்புகழை ஊரெங்கும் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1950-இல் சமாதி ஆனவர். எங்கள் தாத்தா அவரைப் பார்த்திருக்கிறார். படிக்கத் தெரியாத தாத்தாவும் அவருடைய பிள்ளை நைனாவும் இரண்டு மூன்று திருப்புகழை மனப்பாடமாகப் பாடுவார்கள் என்றால் அந்தக் காற்றுதான் காரணம். ஆசிரமம் வரை போய், சூரியன் காணாச் சுனையையும் பார்த்தோம். கிழவனாக வந்த முருகனுக்குத் தாகம் தீர்க்க வள்ளி காட்டிய சுனை என்பார்கள். இதே மலையின் பாறைகளில் சமண தீர்த்தங்கரர் சிற்பங்களும் கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டும் உண்டு. நைனா அவர்களையும் விடாமல் கும்பிடுவார்.

மறுபடி வள்ளி சன்னதிக்கு வந்தபோது குருக்கள் தேனும் தினைமாவும் பிசைந்த பிரசாதம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு திரும்பினால், அம்மா வள்ளி எதிரே நைனாவின் பழைய காசித்துண்டை விரித்து ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தினை. புதுத் தினை, இன்னும் உமி வாசனை போகவில்லை.

"ஏதும்மா இது?"

"நம்ம பாத்திதான். புரட்டாசியில விதைச்சேன். தம்பிதான் மண்ணைக் கொத்திக் குடுத்தான்."

இரண்டு கையாலும் அள்ளித் தட்டில் வைத்தாள். "இந்த வருஷம் ஒரு படி தாயி" என்றாள். மிச்சத்தை மறுபடி துண்டிலேயே முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது?"

"விதைக்கு."