குப்பியில் எழுதிய எடையும் செல்லுக்குக் கிடைக்கும் எஃப்ஜிஎஃப்-2 புரதமும்

மனித ஸ்டெம் செல்களை வளர்க்கும் ஆய்வகங்களில் இடைவிடாமல் செலவாகிக்கொண்டிருக்கும் மறுசேர்க்கைப் புரதம் (மரபணுவை வேறோர் உயிரியில் புகுத்தித் தயாரிக்கும் புரதம்) எஃப்ஜிஎஃப்-2. இது செல்களைப் பெருகத் தூண்டும் ஒரு வளர்ச்சிக் காரணி. குப்பியின் மேல் இத்தனை மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எடையை வைத்தே நாம் கணக்குப் போட்டு வளர்ப்பு ஊடகத்தில் கலக்கிறோம். ஆனால் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி எடையை அறியாது. சரியாக மடிந்த வடிவத்தில் வந்து சேரும் மூலக்கூறுகளுக்கு மட்டுமே அது இணங்கும். செல் வளர்ப்பின் கைப்பழக்கங்களைப் புதிய மாணவர்களுக்கு அக்கறையோடு கற்பிக்கும் நாம், இந்த வேறுபாட்டைப் போதிய அளவு சொல்லித்தருவதில்லை என்பது என் கருத்து.

1974-இல் டெனிஸ் கோஸ்போடரோவிச் இக்காரணியை மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். அக்காலத்தில் ஏராளமான சுரப்பிகளிலிருந்து மிகச் சொற்பமான புரதமே கிடைத்தது. இதைப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் ஹெப்பாரின் என்னும் சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறை இறுகப் பற்றிக்கொள்கின்றன என்பதை 1984-இல் பாஸ்டனில் ஃபோக்மன், கிளாக்ஸ்பர்ன் ஆகியோரின் குழு காட்டியது. 1986-இல் இதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டுக் குளோன் செய்யப்பட்டது. அதன்பின் ஈ. கோலை பாக்டீரியாவே இதன் உற்பத்திச்சாலையாயிற்று. 155 அமினோ அமிலங்களே கொண்ட இப்புரதம் செயல்படுவதற்குச் சர்க்கரைச் சங்கிலிகள் எதுவும் தேவையில்லை என்பதால் பாக்டீரியாவில் தயாரிப்பது பொருத்தமாக அமைந்தது. செல்களை உடைத்து, தெளிந்த கரைசலை ஹெப்பாரின் பிணைத்த தூணின் வழியே செலுத்தினால் எஃப்ஜிஎஃப்-2 அதில் ஒட்டிக்கொள்கிறது. உப்பின் செறிவை வெகுவாக உயர்த்தினால்தான் பிடியை விடுகிறது.

தூய்மையாகக் கிடைத்த புரதம் நிலையான புரதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2011-இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சனின் குழு எட்டே கூறுகளைக் கொண்டு வெளியிட்ட ஈ8 ஊடகத்தில் எஃப்ஜிஎஃப்-2 மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் சேர்க்கப்படுகிறது. இன்குபேட்டரின் 37 டிகிரி வெப்பத்தில் இயல்பான எஃப்ஜிஎஃப்-2-இன் செயல்திறன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 10 மணி நேரமே ஆகிறது. புரதத்தின் மேற்பரப்பில் வெளித்தெரியும் இரண்டு சிஸ்டைன் அமினோ அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதும், மடிப்பு தளர்ந்து அவை திரண்டுபோவதும் இதற்குக் காரணங்கள். ஸ்டெம் செல் வளர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்கு வந்து ஊடகத்தை மாற்றவேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உடலுக்குள் ஹெப்பாரினை ஒத்த ஹெப்பாரான் சல்ஃபேட் இப்புரதத்தைத் தாங்கிக் காக்கிறது. வளர்ப்புத் தட்டில் அத்தகைய பாதுகாப்பு குறைவு என்பதால், சிலர் ஊடகத்தில் சிறிதளவு ஹெப்பாரினையும் சேர்க்கிறார்கள்.

ஆகவே, குப்பியோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் நான் முதலில் பார்ப்பது தூய்மை விழுக்காட்டை அன்று, உயிரியல் செயல்திறனைத்தான். 3டி3 என்னும் எலிச் செல்வகையை, அது பெருகக்கூடிய உச்ச அளவில் பாதிக்குத் தூண்டுவதற்குத் தேவைப்படும் செறிவு அதில் குறிக்கப்பட்டிருக்கும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டையாகத் தெரியும் இரண்டு லாட்டுகள் (தயாரிப்புத் தொகுதிகள்) செல்லின் முன் வெவ்வேறாக நடந்துகொள்ளக்கூடும். புதிய லாட் வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்செலவு ஆகாது.

கரைப்பதிலும் கவனம் வேண்டும். உறையவைத்து உலர்த்திய தூள் மூடியில் ஒட்டியிருக்கலாம் என்பதால், முதலில் குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் சற்றே சுழற்ற வேண்டும். நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி வீணாகும். இதைத் தடுக்கவே துணைப்புரதமாக ஆல்புமின் சேர்க்கப்படுகிறது. ஆனால் அந்த ஆல்புமின் மாட்டிலிருந்து வந்ததாயின், விலங்குப் பொருளற்ற ஊடகம் என்று நாம் சொல்லிக்கொள்ள இயலாது. எப்படிக் கரைத்தாலும், சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காமல் இருப்பதே நல்லது.

ஈ. கோலையில் தயாரான எந்தப் புரதத்துக்கும் பொருந்துகிற மற்றோர் எச்சரிக்கை எண்டோடாக்சின். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் இந்தக் கலப்பு மிகச் சிறிய அளவிலேயே மோனோசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்களைத் தூண்டிவிடும். அந்த விளைவைப் புரதத்தின் விளைவு என்று நாம் எழுதிவிடும் அபாயம் உண்டு. புரதத்தைக் கொதிக்கவைத்த பின்னும் அதே விளைவு தொடருமானால், வெப்பம் தாங்கும் எண்டோடாக்சினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செக் நாட்டின் பிர்னோ நகர ஆய்வாளர்கள் ஒன்பது அமினோ அமிலங்களை மாற்றி உருவாக்கிய எஃப்ஜிஎஃப்2-ஜி3 என்னும் வடிவம் 2018-இல் வெளிவந்தது. 37 டிகிரியில் அதன் அரை ஆயுள் 20 நாட்களுக்கும் மேல். செல்களைப் பெருக்குவது மட்டுமே நோக்கமாயின், நான் தயங்காமல் இதையே தேர்வேன். ஏற்பியை எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவாகத் தூண்டுகிறோம் என்பதே ஆய்வுக் கேள்வியாக இருக்கும் சோதனைகளில் மட்டும், நாள்முழுதும் குறையாமல் நிற்கும் சமிக்ஞை விடையையே மாற்றிவிடக்கூடும் என்பதால், இயல்பான புரதத்தையும் உடன்வைத்துச் சோதிப்பது அவசியம்.